வீட்டில் போய்ப் புருஷனைக் கேள்

அப்போஸ்தலர் பவுல் காஞ்சிபுரத்துக்கு வந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வந்திருந்தால், கூரம் போகிற வழியில் இருக்கும் அந்தச் சின்னச் சபையில் செல்லியம்மாள் அவரைப் பிடித்து உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். முன்கூட்டியே பிறந்து முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

செல்லியம்மாளுக்கு ஐம்பது வயது ஆகிறது. குடும்பம் ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை. சபைப் பதிவேட்டில் அவள் எஸ்தர். ஆனால் ஊர் எல்லை அம்மனின் பெயரை விட்டுக்கொடுக்க வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. எஸ்தர் பதிவேட்டிலேயே தங்கிவிட்டாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை. கடையில் பேச்சு விற்பனை ஆட்களுக்கு, மடிப்பு அவளுக்கு. கல்யாண வீட்டார் கும்பலாக வந்து, அலமாரியில் இருப்பதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, "வேற கடையும் பார்த்துட்டு வரோம்" என்று எழுந்துபோவார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய மடிப்பு விழுந்த தடத்தை விரலால் தேடி, அதன்படியே மடித்து அடுக்குவாள். எந்தப் புடவை நன்றாக இருக்கிறது என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை.

அவளை ஒன்றைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது: சனிக்கிழமை சாயங்காலம் சபையில் நடக்கும் பெண்கள் வேத வகுப்பு. போதகர் ஆனந்தராஜ் ஒரே பைக்கில் பல ஊர்ச் சபைகளைச் சுற்றுகிறவர். வகுப்பை அவளிடம் விட்டிருந்தார். அவளுக்குப் பாடம் நடத்தத் தெரியாது. ஒரு பகுதியை வாசிப்பாள். "எனக்கு இது புரியல. உங்களுக்கு இன்னா தோணுது?" என்பாள். முறை அவ்வளவுதான். மனைவியைக் கூட்டிப்போக வந்த ஆண்கள் முதலில் ஜன்னலோரம் நின்றார்கள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார்கள். ஒரு மழை நாளில் உள்ளே வந்தவர்கள், மழை விட்டும் வெளியே போகவில்லை.

வம்பு அங்கே ஆரம்பித்தது. சபைச் செயலாளர் டேனியல் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி இறக்குவார். ஆனால் வேதாகமத்தில் பவுல் எழுதிய கடிதங்கள் என்று வந்துவிட்டால் ஒரு வரி கூடத் தள்ளுபடி கிடையாது. பெண் ஆணுக்கு உபதேசம் பண்ணக்கூடாது என்று எழுதியிருக்கிறது. சபையில் பெண்கள் பேசாமலிருக்கட்டும், ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் வீட்டில் புருஷனைக் கேட்கட்டும் என்றும் எழுதியிருக்கிறது. கமிட்டி கூடியது, வகுப்பு நின்றது.

"சந்தேகம் வந்தா வீட்ல ஜான்சனைக் கேளும்மா. புருஷன் எதுக்கு இருக்கான்?" என்றார் டேனியல்.

கமிட்டியில் ஒருவர்கூட அந்த நிமிஷம் ஜான்சனை மனக்கண்ணால் பார்க்கவில்லை. அதுதான் அவர்கள் செய்த பிழை.

ஜான்சன் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏகாம்பரநாதர், காமாட்சி என்று சுற்றிக் காட்டுவது தொழில். இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னிதி ஏன் இல்லை, எல்லாக் கோயிலுக்கும் சேர்த்துக் காமாட்சி ஒருத்தியே எப்படிப் போதும் என்று கேட்டால், சிக்னலுக்கு நிற்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடுவார். பவுல் வகையில் மட்டும் அவருக்குச் சவாரி அமைந்ததில்லை.

அவள் அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று கமிட்டி எதிர்பார்த்தது. செல்லியம்மாள் கீழ்ப்படிந்தாள். அன்று சாயங்காலமே, ஜான்சன் லுங்கிக்கு மாறி டீயைக் கையில் எடுத்ததும், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"யோவ், கொரிந்து ஊருக்கு எழுதசொல்ல பவுலு இன்னா சொல்றாருன்னா, பொம்பள ஜெபம் பண்ணா தலையில முக்காடு போட்டுக்கணுமாம். அப்புறம் அதே லெட்டர்ல வாயத் தொறக்காதன்றாரு. வாயத் தொறக்காதவளுக்கு எதுக்குய்யா ஜெபத்துக்கு முக்காடு?"

ஜான்சன் டீயைக் கீழே வைத்தார். "என்னை ஏன்டி கேக்கற?"

"உன்னைத்தான் கேக்கச் சொல்லிக்கீறாங்க."

"எவன் சொன்னது?"

"பவுலு. அப்புறம் டேனியல் சாரு."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். கிண்டலுக்காக அல்ல. வகுப்பு நின்றபின் கேள்விகள் வயிற்றில் சோறு செரிக்காததுபோல் கிடந்தன. எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. மற்றப் பெண்களுக்கும் அதே நிலைமைதான். சில வாரங்களில் ஆட்டோ ஸ்டாண்டில் புருஷன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"யப்பா ஜான்சா, என் வூட்ல பெபேயாள் யாருன்னு கேட்டுக்கினே இருக்குது. நான் அதோட சித்தி பொண்ணோன்னு பயந்துட்டேன்," என்றான் இளங்கோவன். அவனும் ஆட்டோதான். மனைவி வகுப்புக்கு ஒருநாள் தவறாதவள்.

"இருப்பா, எங்கூட்ல கேட்டு சொல்றேன்," என்றார் ஜான்சன்.

கோயில் வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஜான்சன் வேதாகமத்தைப் புரட்ட ஆரம்பித்தார். பக்திக்கு அவசியம் ஏற்படவில்லை, மானம் போதுமாயிருந்தது. ஒரு சாயங்காலம் அவரே பேச்சை எடுத்தார்.

"செல்லி, கூடாரம் தைக்கிற புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வராங்க இல்ல, பவுலு போயி தங்கினாரே அவங்க வூட்ல. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள். அவங்க ரெண்டு பேரும் ஒரு பெரிய பிரசங்கியாரைக் கூப்ட்டு உக்காரவச்சு நல்லா வெளக்கிச் சொன்னாங்கன்னு போட்டுக்கீது. யாரு சொல்லியிருப்பாங்க? அந்தாளா, அந்தம்மாவா?"

செல்லியம்மாளுக்குக் கடைதான் நினைவு வந்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து நெய்து முடித்த புடவையோடு புருஷனும் மனைவியுமாக வருவார்கள். பார்டர் இந்த இடத்தில் ஏன் இழுத்திருக்கிறது என்று முதலாளி புருஷனைப் பார்த்துக் கேட்பார். புருஷன் மனைவியைப் பார்ப்பான். அவள் சொல்வாள். முதலாளி புருஷனைப் பார்த்துத் தலையாட்டுவார்.

"ஒண்ணா தறியில குந்துறவங்க மாதிரிய்யா அவங்க. யாரு தொடங்கினாங்க, யாரு முடிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது," என்றாள்.

ஜான்சன் அதை யோசித்தார். டீ ஆறிப்போயிற்று.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்று இருந்ததை ரூத்தம்மாள்தான் கண்டுபிடித்தாள். புருஷன் செத்துப் பல வருஷம் ஆனவள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டேனியலை வழிமறித்தாள்.

"சார், நான் யாரை கேக்கறது? கல்லறைக்குப் போயி கேக்கட்டா?"

டேனியலுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "என்கிட்ட வாங்கம்மா. நான் சொல்றேன்."

ரூத்தம்மாள் மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்கு வந்தாள். சபையில் விதவைகள் அவள் ஒருத்தி அல்ல, மற்றவர்களும் வந்தார்கள். டேனியல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வாத்தியார் அல்லவா, அது அவருக்குப் பிடித்துமிருந்தது. ஒருநாள் ரூத்தம்மாள் கேட்டாள்:

"பவுலு ரோமாபுரிக்கு எழுதின லெட்டர, அவரே மெச்சி அனுப்பின அந்தச் சபை ஊழியக்காரி பெபேயாள்தான் எடுத்துக்கினு போனான்றாங்களே, நெஜமா சார்?"

"அப்படித்தான் நிறைய பேர் சொல்றாங்க."

"அத்தினி பெரிய லெட்டரு. அங்க இருக்கறவங்களுக்குப் பாதி புரிஞ்சிருக்காது, நமக்கே புரியல. பவுலு எங்கியோ கீறாரு. அப்போ அவங்க யாரை கேட்டிருப்பாங்க?"

டேனியல் வாயைத் திறந்தார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் வகுப்பறையில்கூட அவருக்கு இருந்ததில்லை. "எனக்குத் தெரியலம்மா," என்றார்.

போதகருக்குப் போன் போட்டார். ஆனந்தராஜ் சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"பெண்கள் சபையில பேசக்கூடாதுன்ற அந்த வரி பவுல் எழுதினதே இல்லைன்றவங்களும் இருக்காங்க சார். கொரிந்து சபையில அப்போ இருந்த கூச்சலை அடக்கச் சொன்னதுன்றவங்களும் இருக்காங்க. சொன்னா சொன்னதுதான்னு நிக்கறவங்களும் இருக்காங்க. எல்லாரும் நம்மளவிடப் படிச்சவங்க."

"நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

"நான் இன்னும் ரெண்டு ஊருக்குப் போவணும் சார்."

கமிட்டி மறுபடி கூடியது. புருஷன்மார் இந்த முறை ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். செல்லியம்மாள் உபதேசம் பண்ணக்கூடாது, வாசித்துக் கேள்வி மட்டும் கேட்கலாம் என்று தீர்மானமாயிற்று. ஆண்களும் வரலாம், ஆனால் கற்றுக்கொள்வதற்காக அல்ல, மேற்பார்வைக்காக.

"என் எண்ணம் மாறலம்மா," என்றார் டேனியல், வெளியே வந்து. "ஆனா ரூத்தம்மா கேக்கறப்ப எனக்குப் பதில் தெரியலை. அதையும் நான் சொல்லணும் இல்ல?"

"நானும் தெரிஞ்சிக்கினு நடத்தல சார்," என்றாள் செல்லியம்மாள். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வரப்பார்த்து, வராமல் போயிற்று.

முதல் சனிக்கிழமை மேற்பார்வையாளர்கள் நிறைய வந்தார்கள். நாற்காலி போதவில்லை. தனக்குச் சாதகமான பகுதிகள் எத்தனையோ இருக்க, செல்லியம்மாள் அன்று வாசித்தது தன்னைப் பேசாதே என்று சொன்ன அந்தப் பகுதியைத்தான். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மற்றதையெல்லாம் வாசித்துவிட்டு இதை மட்டும் தாண்டிப்போனால் திருடுவதுபோல் இருந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. எல்லாரும் சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

வீட்டில் அவள் சாப்பாடு எடுத்துவைத்தாள். ஜான்சன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு எனக்குக் கேள்வி எதுவும் இல்லியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தச் சில மாதங்கள் பேசியதுபோல் இருவரும் பேசியதில்லை. அநியாயமான ஒரு கட்டளையால் வந்த லாபம் இது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஒண்ணு இருக்குது," என்றாள். "நான் சபையில பேசறது உனக்குப் புடிக்குதா? நெஜத்த சொல்லு."

ஜான்சன் சோற்றைப் பிசைந்தார். குழம்பு கலந்தபிறகும் பிசைந்துகொண்டே இருந்தார்.

"காலையில கேட்டா புடிக்கலன்னு சொல்லியிருப்பேன். சாயங்காலம் நீ வாசிக்கசொல்ல டேனியல் சாரு முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு கேட்டாரு பாரு, அப்போ புடிச்சது. நாளைக்கு எவனாவது ஸ்டாண்டுல கிண்டல் பண்ணா மறுபடி இன்னா சொல்வேனோ தெரியல."

செல்லியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. பவுலும் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்று தோன்றியது. பெபேயாளைக் கையெடுத்து வழியனுப்பியது ஒரு நாள், வாயை மூடு என்றது இன்னொரு நாள். இரண்டு நாளையும் ஒரே புத்தகமாகத் தைத்துவிட்டார்கள்.

"கொழம்பு இன்னும் ஊத்தட்டா?" என்றாள்.

"ஊத்து," என்றார் ஜான்சன். "அடுத்த வாரம் எந்தப் பகுதி?"