ஏரியில் பதிந்த கட்டைவிரல்

என் மனைவி ஒரு படத்தை முடித்ததும், அதன் பின்பக்கத்தில் தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் பென்சிலால் எழுதுவது என் வேலை. முசரவாக்கம் ஏரியை வரைந்த பெரிய கேன்வாஸை அவள் ஆவணியில் தொடங்கினாள். முடித்ததோ கண்காட்சிக்கு முந்தைய வாரம், ஐப்பசி அடைமழையில். எண்ணெய் வண்ணம் வெயில் காலத்திலேயே மெதுவாகத்தான் காயும். இதில் ஏரித் தண்ணீரைக் கத்தியால் கனமாக அப்பியிருந்தாள். மேலே ஏடு படிந்திருந்ததே தவிர உள்ளே ஈரம். அதனால் சட்டம்கூடப் போடாமல் அப்படியே மாட்டினோம்.

பட்டுக்கடை ஒன்றின் மாடியில் நடந்த அந்தக் கண்காட்சிதான் அவளுக்கு முதலாவது. உள்ளூர்க்காரர்கள் வரைந்த இயற்கைக் காட்சிகள் மட்டும் வைத்திருந்தார்கள். ஞாயிறு மாலை சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்து, அங்கே தை மாதம் நடக்கவிருந்த பெரிய கண்காட்சிக்குச் சில படங்களைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஏரி போக வேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் அவளுக்கு வேறு பேச்சில்லை.

ஞாயிறு காலை, கீழே புடவை எடுத்த ஓர் அம்மாள் கணவருடன் மாடியேறி வந்தார். ஏரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, நான் நாற்காலியைவிட்டு எழுவதற்குள், படத்தை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் இது ஆச்சரியமில்லை. உடலும் கரையும் சேரும் இடம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பின்பக்கம் பார்க்காமல் இங்கே யாரும் பட்டுப்புடவை வாங்குவதில்லை.

"இன்னாமா இது, பிசுபிசுன்னு இருக்குது?" என்று அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நீலம்.

கணவர் பின்பக்கத்தைப் படித்தார். "போன வாரம்தான் முடிச்சாங்கன்னு எழுதியிருக்குது பாரு. எல்லாத்தையும் புடிச்சுப் புடிச்சுப் பார்த்துக்கினு."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ திருப்பினாத்தானே நான் படிக்க முடியும்?"

தண்ணீரின் வலது ஓரத்தில் முழு ரேகையோடு ஒரு பள்ளம். ஓடிவந்த என் மனைவி குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"அசையாம புடிச்சுக்கங்க அக்கா. இந்த வாட்டி ரெண்டு கையும் பின்னாடி இருக்கட்டும்."

அந்த அம்மாள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். பக்கத்துத் தண்ணீரிலிருந்தே வண்ணத்தை வழித்துப் பள்ளத்தை நிரப்பினாள் மனைவி. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. "இது படம் வரையிற போட்டியாபா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

மாலையில் வந்த ஓவியர் ஏரியின் மூலையை நகத்தால் மெல்லத் தொட்டார்.

"இதான்மா வேணும். ஆனா இந்த ஈரத்தோட வண்டியில ஏத்த முடியாது. காஞ்சதும் குடுத்தனுப்புங்க."

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் எங்கள் கூடத்து மின்விசிறி ஏரிக்காகவே சுற்றியது. அந்த அம்மாள் விலாசம் விசாரித்து இருமுறை வீட்டுக்கே வந்தார். "காஞ்சிடுச்சாமா?" என்று கேட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி நின்று பார்த்தார்.

பொங்கல் முடிந்து படம் சென்னைக்குப் போனது. போகுமுன் அதன் பின்பக்கத்தில் மூன்றாவதாக, கட்டைவிரல் பதிந்த தேதியையும் எழுதிவைத்தேன்.

கண்காட்சியில் ஏரிக்கு முன்னால் பலர் நின்று பார்த்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும் பேருந்தில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான்.

"ஒருத்தர்கூடத் திருப்பிப் பார்க்கலையேங்க."