நாற்பதாயிரம் வண்டியும் மூன்றாவது கியரும்

நாற்பதாயிரம் கார் ஓட்டிய ஆளைப் பார்க்க வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்று மாடி ஏறினால் போதும். யசோதரா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கதவைக் காட்டும். வயது நாற்பத்தொன்று. பேச்சில் சிக்கனம், சிரிப்பில் தாராளம். ஏற்றுமதிக்காக எண்ணூர் துறைமுகத்துக்கு வரும் புத்தம் புது கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவது பதினோரு வருடமாக அவளுடைய வேலை.

இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் அதைச் செய்து பார்க்கட்டும். யார்டில் இருந்து வண்டியை எடுக்க வேண்டும். சரிவுப் பாலம் ஏறி, கப்பலுக்குள் மாடி மாடியாகச் சுற்றி, ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு வலது பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். கண்ணாடிகளை மடக்கி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி, வேன் வரும் இடத்தில் போய் நிற்க வேண்டும். வேன் எல்லாரையும் அள்ளிக்கொண்டு மறுபடி யார்டில் விடும். அடுத்த வண்டி. பெயின்ட்டில் ஒரு கோடு விழுந்தால் பதில் சொல்லி மாளாது என்பதால் வளையல், மோதிரம், வாட்ச், பெல்ட் எதுவும் ஆகாது. யசோதரா கைபட்டு இதுவரை ஒரு வண்டியிலும் கோடு விழுந்ததில்லை.

அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பன்னிரண்டாவது முடித்த யசோதரா பெரம்பூர் துணிக்கடை ஒன்றில் பத்து வருடம் புடவை மடித்தாள். பெண்களுக்கு இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறோம் என்ற நோட்டீஸ் கண்ணில் பட்டது, சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் மாத்தூர் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மூன்றாவது கியர் போடச் சொன்னார். போட்டாள். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த டிரெய்லர் அடித்த ஹாரனில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய், வண்டி நடுரோட்டில் அணைந்து நின்றது. டிரெய்லர்காரன் இறங்கி வந்து பேசியதை இங்கே எழுத முடியாது. லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போட இரண்டாவது கியரே தாராளம் என்பதால் தேறிவிட்டாள். துறைமுகத்திலோ மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் இரண்டாவது கியரே போதும்.

ஆக, நாற்பதாயிரம் கார் ஓட்டிய யசோதரா மூன்றாவது கியர் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் திட்டு வாங்குவதற்காக. இந்த விஷயம் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முக்கியமாக, கணவன் ரவிக்குமாருக்குத் தெரியாது.

ரவிக்குமாருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடை வேலை. பைக் ஓட்டுவான், கார் வராது. ஆனால் காரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவனைப் பிடிக்க முடியாது. "எம் பொண்டாட்டி கப்பலுக்குள்ளயே வண்டி ஓட்றவ, நைனா. அவளுக்கு ரோடெல்லாம் இன்னாத்துக்கு ஆவும்?" என்று டீக்கடையில் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். யசோதராவோ, ஒரு நாள் இவன் என்னை ரோட்டில் ஓட்டச் சொல்வான், அன்றைக்கு என் மானம் இவன் மானத்தையும் சேர்த்துக் கப்பலேறும் என்று பயந்தே பதினோரு வருடம் ஓட்டிவிட்டாள்.

அந்த நாளை அவளே வரவழைத்ததுதான் வேடிக்கை. 2015இல் ஒரு ஸ்போர்ட் செடான் கப்பலேற வந்தது. வண்டியின் பெயர் வேண்டாம். கம்பெனிக்காரன் நமக்கு ஒன்றும் தரப்போவதில்லை. தாழ்ந்த சீட், கைக்கு அடங்கிய ஸ்டீயரிங், மிதித்தால் பெருமூச்சு விடும் இன்ஜின். முதல் வண்டியில் உட்கார்ந்த அன்றே யசோதரா மனதைக் கொடுத்துவிட்டாள். நூற்றுக்கணக்கில் ஓட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பினாள், ஒவ்வொன்றையும் விட்டு இறங்கும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. இந்த வருடம் ஊதிய பாக்கி கைக்கு வந்ததும், செகண்ட்ஸில் அதே வண்டி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டாள்.

ரவிக்குமார் இரண்டு மாதம் தூங்கவில்லை. போனில் எந்நேரமும் அந்த வண்டியின் வீடியோதான். எந்த வருட மாடலில் என்ன மாற்றினான், எதில் என்ன குறைத்தான் என்று கரைத்துக் குடித்தான். திருவொற்றியூர் ஹைரோட்டில் எபினேசர் அண்ணாச்சியின் பழைய கார் ஷெட்டில் அந்த வண்டியே இரண்டு நின்றன. ஒன்று 2015, ஆறு கியர் வண்டி. இன்னொன்று 2018, ஆட்டோமேட்டிக். விலையில் பெரிய வித்தியாசமில்லை. புதியது நிறைய ஓடியிருந்தது, பழையது ஒரு டாக்டர் வீட்டில் நிறையத் தூங்கியிருந்தது.

"பதினெட்டு மாடல்தான் யசோ. பெரிய ஸ்க்ரீன், ஆறு ஏர்பேக். கியரே போட வேணாம், அதுவா போட்டுக்கும்" என்றான் ரவிக்குமார்.

கியரே போட வேண்டாம் என்ற வார்த்தை யசோதராவின் காதில் தேனாகப் பாய்ந்தது. இருக்கும் மானத்தோடு மீதிக் காலத்தையும் ஓட்டிவிடலாம். "அத்தயே வாங்கிக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். எபினேசர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் வடசென்னையில் இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். யசோதரா வண்டி அருகே போனதும் வளையலைக் கழற்றினாள், மோதிரத்தைக் கழற்றினாள், வாட்சைக் கழற்றினாள். எல்லாவற்றையும் ரவிக்குமார் கையில் கொடுத்தாள்.

"என்ன மேடம், வண்டி பார்க்க வந்தீயளா, சண்டைக்கு வந்தீயளா?" என்றார் எபினேசர்.

"அவங்க தொழில் அப்டி, அண்ணாச்சி. நாப்பதாயிரம் வண்டி" என்று ரவிக்குமார் ஆரம்பித்தான்.

2018இல் ஏறினார்கள். எபினேசர் முன்சீட்டில் அவளுக்கு இடதுபுறம், ரவிக்குமார் பின்னால். எண்ணூர் விரைவுச் சாலை ஞாயிறானதால் காலியாகக் கிடந்தது. வலது பக்கம் கடல். யசோதரா ஸ்டீயரிங்கை அழகாகப் பிடித்தாள், பள்ளங்களை அழகாகத் தவிர்த்தாள். கியர் தானாக மாறத் தயாராக இருந்தது. ஆனால் கால் மிதித்தால்தானே மாறும்? பதினோரு வருடம் பழகிய கால் இருபதைத் தாண்டவில்லை. ஷேர் ஆட்டோ முந்திக்கொண்டு போனது. அதன் பிறகு ஐஸ் பெட்டி ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று முந்தியது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"வண்டில ஏதும் கோளாறுன்னு நெனைக்கீயளா மேடம்?" எபினேசருக்கு வேர்த்துவிட்டது.

"டெஸ்ட் பண்றாங்க, அண்ணாச்சி. பெரிய டிரைவருங்க இப்டித்தான்" என்றான் பின்னால் இருந்த கணவன். யசோதராவுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. கியர் இல்லாத வண்டியிலும் தப்பிக்க வழியில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

எப்படியோ ஷெட்டுக்குத் திரும்பினாள். நிற்கிற 2015ஐப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. இது தெரிந்த வேலை. ஒரே திருப்பில் அதன் வலது பக்கம் நாலு விரல் விட்டு வண்டியைச் செருகினாள். கண்ணாடிகளை மடக்கினாள். சாவியை அங்கேயே விட்டு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, விறுவிறுவென்று நடந்து வாசல் கேட்டருகே போய் நின்றாள்.

எதற்காக நிற்கிறோம் என்று அவளுக்கே அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. வேனுக்காக.

அதற்குள் பின்னால் ஒரே கூச்சல். எபினேசரின் இடது கதவு நாலு விரலுக்கு மேல் திறக்காது. பின்சீட்டின் வலது கதவை ஷெட்டின் இரும்புத் தூண் மறித்திருந்தது. நாற்பதாயிரம் வண்டியில் ஒன்றில்கூட யசோதரா இன்னொரு ஆளை ஏற்றியதில்லை. வண்டிக்குள் ஓட்டுகிறவரைத் தவிரவும் மனிதர் இருப்பார்கள் என்பது அவள் தொழிலிலேயே கிடையாது.

"மேடம், பெயின்ட்டு! பெயின்ட்டு!" என்று கண்ணாடி வழியே எபினேசர் அலறினார். பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. யசோதரா ஓடிவந்து, "இருங்க அண்ணாச்சி, பின்னால எடுத்துட்றேன்" என்று சொல்வதற்குள் அவர் அவசரப்பட்டு ஒரு காலைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்துவிட்டார். வயிறு ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது. ஹாரன் விடாமல் அடித்தது. பக்கத்து டயர் கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் யசோதரா முன்னால் இருந்து இழுக்க, ரவிக்குமார் பின்னால் இருந்து தள்ள, எபினேசர் வெளியே வந்து விழுந்தார். அடுத்து ரவிக்குமார் ஊர்ந்து வந்தான்.

முதலில் சிரித்தவர் எபினேசர்தான். அவர் சிரித்த சிரிப்பில் டயர் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். யசோதராவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே ரவிக்குமாரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றிவிட்டது.

"யோவ், எனக்கு மூணாவது கியர் போட வராது."

"இன்னாது?"

"கத்துக்கறப்ப ஒரே ஒரு தபா போட்டேன், வண்டி நின்னுடுச்சு. போர்ட்ல ரெண்டாவதுக்கு மேல ஆவாது. அதுக்கப்புறம் ரோட்ல ஓட்டுனதும் இல்ல. நீதான் ஊரெல்லாம் சொல்லிகினு திரியிற."

ரவிக்குமார் அவளையே பார்த்தான். வளையலும் வாட்சும் இன்னும் அவன் கையில் இருந்தன. "பதினோரு வருசமா எங்கிட்ட சொல்லல?" என்றான். குரலில் கோபம் இருந்தது, வருத்தம் அதைவிட அதிகமாக இருந்தது. "நா பேசப் பேச நீ உள்ளுக்குள்ள பேஜாராயிகினு இருந்தியா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா வாய மூடிகினு இருப்பேன்ல?"

"நீயா?" என்றாள் யசோதரா. அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் ரவிக்குமாருக்கே புரிந்து, அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அரையும் குறையுமாக இதைக் காதில் வாங்கிய எபினேசர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அப்போ யோசிக்கவே வேண்டாம். ஆட்டோமேட்டிக்தான் உங்களுக்கு லாயக்கு. பதினெட்டையே முடிச்சிருவோமா?"

யசோதரா நாலு விரல் இடைவெளிக்கு அந்தப் பக்கம் நின்ற 2015ஐப் பார்த்தாள். அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், சீட் எவ்வளவு தாழும், எல்லாம் அவளுக்குத் தெரியும். இருபது கிலோமீட்டர் வரைக்கும் தெரியும்.

"பழைய வண்டி சாவி குடுங்க, அண்ணாச்சி" என்றாள்.

இந்தத் தடவை எபினேசர் ஏறவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார். ரவிக்குமார் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். எர்ணாவூர் தாண்டியது. முன்னால் நேரான ரோடு. பின்கண்ணாடியில் ஒரு டிரெய்லர் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. இரண்டாவது கியரில் இன்ஜின் கத்தியது. யசோதரா கிளட்சை மிதித்தாள். கியரை மேலே தள்ளினாள். காலை எடுத்தாள்.

வண்டி அணையவில்லை, குதிக்கவில்லை. கத்திக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அமைதியாகி, முன்னைவிட வேகமாகப் போனது. மூன்றாவது கியர் என்றால் பெரிய ஆர்ப்பாட்டம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாளே, அது இவ்வளவு சாதுவா? அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பது, ஐம்பது. நாலாவது போட்டாள். கடல்காற்று ஜன்னல் வழியே வந்து முகத்தில் அடித்தது. இத்தனை வண்டிகளையும் கடல் தாண்டி அனுப்பினோமே, போன இடத்தில் எல்லாம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. முன்பு அவளை முந்திய மீன்பாடி வண்டி, ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தியபோது ரவிக்குமார் தன்னை மறந்து விசிலடித்தான்.

எண்ணூரும் போய்விட்டது. காட்டுப்பள்ளி ரோட்டில் அவர்கள் போய்க்கொண்டிருந்தபோது எபினேசரிடமிருந்து போன் வந்தது. ரவிக்குமார் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, எங்க போயிட்டீய? ஒரு மணி நேரமாச்சு. எந்த மாடலுன்னு முடிவு பண்ணிட்டீயளா?"

ரவிக்குமார் இரண்டு மாதம் படித்த படிப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு யசோதராவைப் பார்த்தான்.

"பதினஞ்சு, அண்ணாச்சி" என்றாள் அவள்.

"ரொம்பச் சந்தோசம். அப்போ வண்டியத் திருப்பிக் கொண்டாங்க, பேப்பர்ல கையெழுத்துப் போடணும்லா?"

"வர்றோம் அண்ணாச்சி" என்றாள் யசோதரா. "இன்னும் ரெண்டு கியர் பாக்கி கீது, அத்தயும் போட்டுட்டு வர்றோம்."