சேறு படாத வெள்ளை

1. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுப் பைப்படியில் எங்கள் நாய் குழி தோண்டிப் படுத்தது.
2. "எருமையாட்டம் கெடக்கு பாரு, கட்டிப் போடு" என்றார் கணவர்.
3. ஈர மண் வாசனை சமையலறை வரை வந்தது.

ராஜபாளையத்தில் அப்பா வளர்த்த ராணியும் சித்திரை வெயிலில் இப்படித்தான் வாழை மூட்டில் குழி தோண்டிப் படுப்பாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் காலையில் அவளை வாங்க ஒருவர் வருவதாக இருந்தது. ராஜபாளையம் நாயின் வெள்ளையில் பொட்டுக் கறை இருந்தாலும் வாங்க வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்பா அவளைக் குளிப்பாட்டி, மொட்டைமாடியில் கட்டச் சொன்னார்.

"ஏட்டி, குட்டையாக் கட்டு. தண்ணித் தொட்டி நெழலுக்குப் போனா ஈரத்துல உருளும்."

குட்டையாகவே கட்டினேன். கொட்டி அதில் புரண்டு அழுக்காவாள் என்று தண்ணீர்ச் சட்டியையும் தள்ளி வைத்தேன்.

வாங்க வந்தவர் பஸ்ஸைத் தவறவிட்டு மூன்று மணிக்குத்தான் வந்தார். ராணி சிமெண்ட் தரையில் விறைத்துக் கிடந்தாள்.

"நல்ல வெள்ளைதான் அண்ணாச்சி" என்றார். "உசுருதான் இல்ல."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இவகூடப் பொறந்தவளைக் குளிப்பாட்டி மேல கொண்டா."

கொண்டுபோனேன்.

இப்போது மணி இரண்டு. எங்கள் நாய் உடம்பெல்லாம் சேறாகத் தூங்குகிறது. தண்ணீர் அதன் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் சங்கிலி கிடையாது.