முதல் தெரிவை விட்டுக்கொடுக்காத வருடம்

எங்கள் பெண்கள் உதைபந்தாட்ட அணி அந்த வருடமும் கடைசியாகத்தான் வந்தது. லண்டனின் பல பகுதிகளிலிருந்து ஆறு தமிழ் அணிகள் கோடைகால ஞாயிறுகளில் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதும். நாங்கள் இல்ஃபோர்ட். ஒவ்வொரு முறையும் வெம்பிளி அணியே வென்றுகொண்டிருந்ததால் மற்றவர்களுக்கு விளையாட்டே வெறுத்துப்போயிற்று. அதனால் லீக்கை நடத்துபவர்கள் அமெரிக்காவில் இருப்பதுபோல ‘ட்ராஃப்ட்’ முறையைக் கொண்டுவந்தார்கள். புதிதாக வருபவர்கள் விரும்பிய அணியில் சேர முடியாது. எல்லோரும் ஒரு நாள் ஒரே மைதானத்தில் விளையாடிக் காட்டவேண்டும். அதன்பிறகு அணிகள் முறைவைத்து ஆட்களை எடுக்கும். கடைசியாக வந்த அணிக்கே முதல் தெரிவு. வேண்டுமானால் அந்த முறையை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

அணியை நானும் என் தங்கையும் நடத்தினோம். பயிற்சி என் பொறுப்பு, மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

விளையாடிக் காட்டும் நாளில், அளவு பெரிதான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு ஒருத்தி வந்திருந்தாள். முல்லைத்தீவுக்காரி. புகலிடம் கேட்டு வந்தவர்களை அரசாங்கம் தங்கவைத்திருந்த ஹோட்டல் ஒன்றில், எங்கள் மைதானத்துக்குக் கிட்டத்தான் இருந்தாள். கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை நெஞ்சில் வாங்கி, இடப்பக்கம் திரும்பினாள். அவளை மறித்து நின்ற பெண் நிலைதடுமாறிப் புல்லில் விழுந்துவிட்டாள். பந்து வலைக்குள் போனபோது கோல் கீப்பரின் கைகள் அசையவே இல்லை.

அன்று மாலையே வெம்பிளி அணியை நடத்துபவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அந்த முதல் தெரிவை எங்களுக்குத் தாங்கோ. எங்கட ரெண்டாவது கீப்பரையும் ஒரு டிஃபென்டரையும் தாறம். ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். தங்கைக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

“போன வருசம் நாங்கள் தோத்தது கோல் அடிக்காததாலை இல்லையக்கா, கோல் வாங்கினதாலை. எங்களிட்டைக் கீப்பரே இல்லை. ஒருத்தியை எடுத்து, நாளைக்கு அவளுக்குக் கால் பிரண்டால் முழு சீசனும் போச்சு. ரெண்டு பேர் வந்தால் ஒராள் வராமல் நிண்டாலும் மற்ற ஆள் இருப்பா.”

“இப்பிடி ஒரு ஆட்டக்காரி எங்களுக்குத் திரும்பக் கிடைக்கமாட்டாள்.”

“நீ பந்தைப் பாத்துக் கதைக்கிறியோ, பாவம் பாத்துக் கதைக்கிறியோ?”

வெம்பிளிக்குப் போய்வர முல்லைத்தீவுக்காரியிடம் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை செய்ய அனுமதியில்லாதவள், வாரத்தில் ஒரு நாளாவது அந்த அறையை விட்டு வெளியே வந்து ஓடட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அந்தக் கோலை மறக்க முடியாததும் உண்மை. எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

எங்கள் அணியில் மருத்துவமனையில் தாதியாக வேலைசெய்யும் ஒருவர் இருந்தார். கீப்பர் இல்லாத குறைக்கு அவர்தான் கோலில் நிற்பார். அவரிடமும் கேட்டேன். வீங்கிய விரல்களை விரித்துக் காட்டினார்.

“எனக்கொரு கீப்பரைத் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

இவ்வளவும் கேட்டபிறகும் நான் மாற்றவில்லை. முதல் தெரிவை வைத்துக்கொண்டு முல்லைத்தீவுக்காரியை எடுத்தோம். செய்தி சொன்னபோது, “நடந்தே வரலாம் அக்கா” என்று சிரித்தாள். அளவான சப்பாத்து ஒரு சோடி அணிக் காசில் வாங்கிக் கொடுத்தோம்.

முதல் மூன்று போட்டிகளையும் வென்றோம். அவள் அடித்த கோல்களைப் பார்க்கவென்றே அயலில் உள்ளவர்கள் மைதானத்துக்கு வரத் தொடங்கினார்கள். தங்கைகூட ஒருநாள், “சரி, நீ சொன்னது சரிதான்” என்றாள்.

நான்காவது போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை, நான் வேலையில் நிற்கும்போது அவள் கூப்பிட்டாள்.

“அக்கா, எங்களை நாளைக்கு வேற இடத்துக்கு மாத்தப் போகினமாம்.”

“எங்கை?”

“பேர் வாயிலை வரேல்லை. வடக்குப் பக்கமாம். பஸ்ஸிலை அஞ்சாறு மணித்தியாலமாம்.”

வேலையைப் பாதியில் விட்டு அந்த ஹோட்டலுக்கு ஓடினேன். முன்மேசையில் இருந்தவர், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டேன். ஒரு நாளில் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றார். உதைபந்தாட்டத்தை ஒரு காரணமாக யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றவள், சப்பாத்தைத் துடைத்து ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“இது டீமின்ரை சாமான், அக்கா.”

“கொண்டு போம். அங்கையும் மைதானம் இருக்கும்தானே.”

அதைச் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

அவளுக்குப் பதிலாக ஓர் ஆளைத் தரும்படி லீக்கைக் கேட்டோம். விதியில் இடமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு தோல்விதான். வெம்பிளியோடு விளையாடிய அன்று, அவர்கள் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன அந்தக் கீப்பர் எதிர்க் கோலில் நின்று எங்கள் பந்தையெல்லாம் பிடித்தாள். எங்கள் கோலில் நின்ற தாதிக்கு இரண்டாவது பாதியில் விரல் முறிந்தது. பல வாரங்கள் அவர் வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவமனையில் காத்திருந்தபோது தங்கை என் பக்கம் திரும்பவில்லை.

“ஏதாவது சொல்லன்” என்றேன்.

“இப்ப அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லையக்கா.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபடியும் கடைசி இடம். மறுபடியும் முதல் தெரிவு. இந்த முறை முடிவைத் தங்கையிடமே விட்டேன். புதியவர்கள் விளையாடிக் காட்டும் நாளுக்கு முன்பே அவள் தெரிவைக் கொடுத்து ஒரு கீப்பரையும் ஒரு டிஃபென்டரையும் வாங்கிவிட்டாள். அந்த வருடம் நான்காவதாக வந்தோம். அணியில் எல்லோருக்கும் சந்தோஷம். தாதி முன்வரிசையில் விளையாடி ஒரு கோல்கூட அடித்தார். எனக்கும் கைதட்டத்தான் தோன்றியது. ஆனால் அந்த முதல் தெரிவில் யார் போனாள், எப்படி விளையாடுகிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

முல்லைத்தீவுக்காரி இடைக்கிடை கூப்பிடுவாள். அவளுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த ஊரில் நடந்துபோகும் தூரத்தில் பெண்கள் அணி ஒன்றும் இல்லை. போன மாதம் கதைக்கும்போது, எங்களுக்குக் கீப்பர் வந்த கதையைச் சொன்னேன். அவளை எடுத்த வருடமே வெம்பிளிக்காரர் ஒரு கீப்பரைத் தருவதாகச் சொல்லி முதல் தெரிவைக் கேட்டதையும், நான் மறுத்ததையும் சொன்னேன். அவளுக்கு அது அன்றுவரை தெரியாது.

“அண்டைக்கே மாத்தியிருக்கலாமேயக்கா. கீப்பர் இல்லாமல் எப்பிடி விளையாடுறது?” என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே, எங்கள் அணிக்காகக் கவலைப்பட்டுச் சொன்னாள். நான் பேச்சை மாற்றி, அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன்.