குதிரை வராத போர்

மரக்குதிரை ஒன்று வருகிறது என்று கொழுந்தியாள் ஆசை காட்டியதால்தான் தச்சர் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினார். இல்லாவிட்டால், செங்கல் கனத்தில் இருந்த பழைய கிரேக்கக் காவியத்தை அவர் ஏன் தொடப்போகிறார்? செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தையே பாதியில் மடித்து வைக்கிறவர்.

என்ன செய்வது, கால் உடைந்து கிடந்தார். ஒரு வீட்டில் மேல் அலமாரிக்குக் கதவு மாட்டியபோது, ஏணியைப் பிடித்திருந்த பெயிண்டரின் கைப்பேசி அடித்தது. அதை எடுக்க ஒரு கையை விட்டான். பேச்சு சுவாரசியமானதும் இன்னொரு கையையும் விட்டான். தச்சர் கதவோடு கீழே வந்து சேர்ந்தார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பெயிண்டர் பழத்தோடு வாசலுக்கு வருவதும், தச்சர் தூங்குகிறவர்போல் கண்ணை மூடிக்கொள்வதும், பழம் மட்டும் உள்ளே வருவதுமாக இருந்தது.

படுத்தபடியே வீட்டிலுள்ள அத்தனை பொருளுக்கும் குறை சொல்கிறார் என்று மனைவி தங்கையிடம் புலம்பினாள். தங்கைக்கு நூலகத்தில் வேலை. "குதிரை வயித்துக்குள்ள ஆளுங்களை ஒளிச்சு வச்சு கோட்டையைப் பிடிச்சாங்களே, அந்தச் சண்டைதான் அத்தான் இது" என்று புத்தகத்தை நீட்டினாள். தச்சருக்கு நப்பாசை பிடித்துக்கொண்டது. என்ன மரம்? உள்ளே இருக்கிறவர்கள் கனத்தைக் கால்கள் எப்படித் தாங்கின? கதவின் கீலை எங்கே மறைத்தார்கள்?

பெயர்கள் நாக்கைச் சுளுக்க வைத்தன. அவரே பட்டப்பெயர் வைத்துக்கொண்டார். தலைவனோடு கோபித்துக்கொண்டு கூடாரத்தைவிட்டு வராத மாவீரன் 'முறுக்கிக்கொண்டவன்'. கோட்டையைக் காத்து நின்ற அரசகுமாரன் 'பெரியபிள்ளை'. தையல் கடையிலிருந்து திரும்பும் மனைவி, செருப்பைக் கழற்றும் முன்பே இன்று யார் யார் போனார்கள் என்று கேட்பாள். ஈட்டி எங்கே நுழைந்து எங்கே வெளியே வந்தது என்பது வரை அவர் ஒப்பிப்பார். ஒருத்தன் முறுக்கிக்கொண்டு கிடந்ததற்கு இத்தனை பேர் சாக வேண்டுமா என்று அவள் ஒருநாள் கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று தச்சர் விசாரிக்கவில்லை.

முறுக்கிக்கொண்டவன் கடைசியில் களத்துக்கு வந்து பெரியபிள்ளையைக் கொன்ற அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கதை என்றாள் மனைவி.

"எனக்கு இன்னைக்குத்தானே தெரியும்" என்றார் தச்சர்.

ஒரு மத்தியானம் புத்தகம் முடிந்தது. பெரியபிள்ளையை அடக்கம் செய்தார்கள், அவ்வளவுதான். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அட்டை. குதிரையும் இல்லை, குளம்பும் இல்லை. உடனே கொழுந்தியாளைக் கூப்பிட்டு, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயே என்று பொரிந்தார்.

"சண்டை அதேதான் அத்தான். குதிரை வேற புத்தகத்துல வருது. முன்னாடியே சொல்லியிருந்தா படிச்சிருப்பீங்களா?"

சாயங்காலம் மனைவியிடமும் அதே புகாரைத் தொடங்கினார். சரி, கடைசியில் என்னதான் ஆச்சு என்றாள் அவள். கிழட்டு ராஜா தன் மகன் பெரியபிள்ளையின் உடலைக் கேட்டு முறுக்கிக்கொண்டவனின் கூடாரத்துக்கே தனியாகப் போனதைச் சொன்னார். மகனைக் கொன்ற கையைப் பிடித்து முத்தமிட்டதையும் சொன்னார். இருவரும் சேர்ந்து அழுதார்கள், பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று முடித்தார். மனைவி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தச்சர் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"பிள்ளையைக் கொன்னவனோடயே உக்காந்து சாப்பிட்டிருக்காரு. எனக்கு உடைஞ்சது கால்தானே. அந்தப் பெயிண்டரை வரச் சொல்லு."

மறுநாள் பெயிண்டர் பழத்தோடு தானும் உள்ளே வந்தான். அழ ஆரம்பித்தவனை, முதலில் சாப்பிடு என்று அதட்டி உட்கார வைத்தார் தச்சர். பாதிச் சாப்பாட்டில் அவன் பையில் கைப்பேசி அடித்தது. அவன் கல்லாய்ச் சமைந்தான்.

"எடுத்துப் பேசு. இப்ப நான் தரையிலதான் இருக்கேன்" என்றார் தச்சர்.

பெயிண்டருக்குப் புரையேறியது. மனைவி சிரித்துக்கொண்டே அவன் தலையில் தட்டினாள்.

கட்டுப் பிரித்த வாரம் கொழுந்தியாள் அடுத்த புத்தகத்தோடு வந்தாள். போர் முடிந்தும் பத்து வருஷம் வீடு வந்து சேராத ஒரு புருஷனின் கதையாம். தச்சர் கை நீட்டுவதற்குள் மனைவி அதை வாங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

"ஆணி வாங்கப் போனாலே பொழுது சாஞ்சுதான் வர்றாரு. இவருக்கு இதை வேற சொல்லிக் குடுக்கணுமாடி?"