கன்னத்து ஈயம்

பல் டாக்டரின் கணினித் திரையில் என் மகளின் தாடை கறுப்பும் சாம்பலுமாகத் தெரிந்தது. கடைவாய்ப் பல்லைப் பார்க்கத்தான் எடுத்த படம். ஆனால் டாக்டரின் கண் பல்லுக்குப் போகவில்லை. வலது கன்ன எலும்புக்கு மேலே, கண்குழிக்குச் சற்றுக் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி. எலும்பைவிட வெள்ளை. "இதென்ன, கம்மல் எதுவும் கழற்றாமல் விட்டீர்களா?" என்று கேட்டார். மகள் வாயைத் திறந்தபடியே சிரித்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன்.

அந்தப் புள்ளியை நினைத்தால் எனக்கு முதீர் ஞாபகம் வந்துவிடும். முதீர் என்றால் அரபியில் மேலாளர். குவைத்தில் நான் கணக்கு வேலை பார்க்கும் சிறிய கம்பெனியின் சொந்தக்காரரே அவர்தான். என் விசாவும் அவர் பெயரில்தான் இருந்தது. அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் அப்பாவோடு கப்பலில் பம்பாய் போய் வந்த பழக்கத்தில் இந்தி நன்றாகப் பேசுவார். என்னை 'பேட்டி', அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் ஒரு மாதமும் தள்ளிப்போனதில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் வேட்டை. மழைக்காலத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து புறாவும் காடையும் வருகிற நாட்களில் மதியத்துக்கு முன் ஆபீஸ் பக்கம் வர மாட்டார். வரும்போது சட்டைக் கையில் மணலும் முகத்தில் சந்தோஷமும் இருக்கும்.

தெற்கே வஃப்ராவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. தக்காளி, வெள்ளரி, கொஞ்சம் ஆடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. மேற்கு ஓரத்தில் மணல்காற்றைத் தடுக்க வரிசையாக மரங்கள். அவர் அப்பா காலத்தில் அந்த மரங்களுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமே இல்லையாம். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகே அந்தப் பக்கம் மாறிப்போயிற்று. பண்ணைகளைத் துண்டு போட்டு விற்றார்கள். ஒவ்வொரு துண்டிலும் வார விடுமுறைக்கு ஒரு வீடு, நீச்சல் தொட்டி, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். குடியிருப்புக்குப் பக்கத்தில் சுடக்கூடாது என்று தடை இருந்தது. சாலைத் திருப்பத்தில் பலகைகூட வைத்திருந்தார்கள். முதீர் அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் காரை மெதுவாக்கிச் சிரிப்பார் என்று டிரைவர் சொல்வார். நான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பேட்டி, அந்தப் பலகை வருவதற்கு முன்னாலேயே நான் இங்கே சுட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கிக்குத்தான் கண் இல்லை. எனக்கு இருக்கிறது" என்றார்.

குளிர் தொடங்கும் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் குடும்பங்களுக்குப் பண்ணையைத் திறந்துவிடுவது அவர் வழக்கம். அன்று சுட மாட்டார். சுட்டாலும் நாங்கள் வருவதற்குள் விடியலிலேயே முடித்துவிடுவார். அந்த வருஷம் அது தீபாவளிக்கு மறுநாளாக அமைந்தது. நாங்கள் குடியிருக்கும் மங்காஃபிலிருந்து மூன்று குடும்பங்கள் கிளம்பினோம். எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், தன் வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் பனிமூட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓடியது. பண்ணையில் தொட்டிக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தை விரித்து அதிரசத்தையும் முறுக்கையும் எடுத்து வைக்கும்போதுதான் வெயில் வந்தது. வெயில் வந்ததும் மேற்கே மரங்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"என்னங்க சத்தம் அது?" என்றேன்.

என் கணவருக்குச் சொந்த ஊர் சிவகாசி. "சிவகாசிக்காரன்கிட்டயே வெடிச் சத்தத்தக் கேக்குறியே! ஒத்த வெடி. எவனோ ஊர்லேருந்து பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்துட்டான்."

"கஸ்டம்ஸ்ல கேட்டா ஊதுவத்தின்னு சொல்லிருப்பான், மாப்ள" என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம்.

பெரியவர்களுக்கு அது சிரிப்பு. பிள்ளைகளுக்கு அப்படியில்லை. குவைத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பட்டாசு என்றால் தாத்தா வீட்டிலிருந்து போனில் வரும் படம்தான். என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. "கிராக்கர்ஸ்! யாரோ போடறாங்க!" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக எழுந்து ஓடினாள். முதல் நாள் உடுத்திய பட்டுப்பாவாடையை அன்றும் அடம்பிடித்து உடுத்தியிருந்தாள். அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையும் எதிர்ப்பக்கம் ஓடும். எங்கள் பிள்ளைகள் சத்தத்தை நோக்கி ஓடினார்கள். மூன்றாவது சத்தம் கேட்டபோது அவள் மர வரிசையைத் தாண்டியிருந்தாள்.

பனியால் அன்று புறாக்கள் தாமதமாக வந்திருந்தன. நாங்கள் வந்துவிட்டோம் என்று தெரிந்தும், இன்னும் ஒரு கூட்டம் மட்டும் என்று முதீர் அங்கேயே இருந்துவிட்டார். தாழப் பறந்த ஒரு புறாவைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பியிருக்கிறார். பிறகு அவரே சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். அப்போது நான் பார்த்தது, அவர் என் மகளைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்ததை மட்டும்தான். அவள் அழவில்லை. கன்னத்தைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன்.

வேனில் பின்சீட்டில் அவள் தலை என் மடியில். பாய் ஓட்டினார். ஆஸ்பத்திரி நெருங்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. வேலிக் கம்பி குத்திருச்சுன்னு சொல்லிருங்க. துப்பாக்கின்னா உடனே போலீஸ் வந்துரும். உங்க விசா அவரு கையில. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு." கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பிழைப்பை நினைத்துச் சொன்னார்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். நகக்கண் அகலம் தள்ளி, ஒரு ஈயக் குண்டு எலும்பை ஒட்டி நின்றுவிட்டது. தோண்டி எடுத்தால் முக நரம்புக்கு ஆபத்து. உள்ளேயே இருக்கட்டும் என்றார். அதெல்லாம் படம் எடுத்த பிறகு தெரிந்தது; அதற்கு முன்பே, காயத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் என் முன்னால் வந்து நின்றார். என்ன நடந்தது என்று கேட்டார். கம்பி என்ற சொல்லும் துப்பாக்கி என்ற சொல்லும் ஒன்றாக என் நாக்கில் இருந்தன. எதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து முதீரின் குரல் கேட்டது. "அவளைக் கேட்காதே. நான் சுட்டேன்." அரபியில் சொன்னதை எனக்காக இந்தியில் இன்னொரு முறை சொன்னார். காலில் வேட்டைக்குப் போட்ட பூட்ஸ் அப்படியே இருந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்துக் கையெழுத்துப் போட்டால் அநேகமாக அதோடு முடிந்துவிடும் என்றார்கள். அவருடைய மூத்த மகன் பேரீச்சம்பழத் தட்டோடு எங்கள் பிளாட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் பேசினான். போட்டுவிடலாம் என்றார் என் கணவர். மறுநாள் நான் அதைச் சொல்ல முதீரின் அறைக்குப் போனேன். அவர் மேஜையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "போடாதே, பேட்டி" என்றார். "நீ மன்னித்தால் வீட்டில் இதை ஒரு கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த வருஷம் என் பிள்ளைகள் அதே மரத்துக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தப் பக்கம் இப்போது வீடுகள் இருக்கின்றன. நான்தான் பார்க்கவில்லை. கண் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே." விசா பற்றி நான் கேட்கவில்லை. "உன் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கலாஸ், அவ்வளவுதான்" என்று அவரே முடித்தார்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. அபராதம் கட்டினார், துப்பாக்கிகளையும் உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அவர் பிள்ளைகள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. அவரை முழுதாக மன்னித்தேன் என்று என்னால் எழுத முடியாது. மகள் தூங்கும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் கொண்டுபோகும் இனிப்பை வாங்கிக்கொண்டு, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அது அங்கேயே இருக்கிறதா?" இருக்கிறது என்பேன். "நகரவில்லையே?" இல்லை என்பேன். பிறகுதான் டப்பாவைத் திறப்பார்.

போன கோடையில் அவர் காலமாகிவிட்டார். கம்பெனி இப்போது மூத்த மகன் கையில். பண்ணையையும் துண்டு போட்டாயிற்று. மரங்கள் நின்ற இடத்தில் மதில். அந்த மதிலுக்கு அப்பால் இப்போதும் சில விடியல்களில் சத்தம் கேட்பதாகச் சொல்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது.

பல் டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். "எடுத்துவிடலாமா, யாரிடமாவது காட்டுகிறீர்களா?" என்றார். "வேண்டாம் டாக்டர், லீவ் இட்" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "மம்மி, கையை விடு, வலிக்குது" என்றாள். விட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் தீபாவளி. இந்த வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆபீஸில் ஆள் இல்லை. திரையில் இருந்த வெள்ளைப் புள்ளியை, கண்குழிக்கு எவ்வளவு கீழே என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அங்கேயே இருக்கிறது, முதீர். நகரவில்லை.