தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த நுரை

கண்ணுங்களா, நம் குளியலறைச் சுவரில் பகலெல்லாம் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மரத்தவளையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் பெரியவர்களானால் மறந்துவிடுவீர்கள் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

பகலில் அது சிமெண்டு நிறம். சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்தில், மெல்ல மெல்ல, பழுத்த வாழைத்தோல் நிறத்துக்கு வந்திருக்கும். தாவும்போது மட்டும் தொடையில் மஞ்சள் புள்ளிகள் மின்னும். காலை மடக்கியதும் மறைந்துபோகும். ஷிப்டு முடிந்து வந்த களைப்பில் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நின்றபடியே தூங்கிக் கனவு காண்கிறேனோ என்றுகூடத் தோன்றும்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, கையளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. நம் பக்கத்தில் நுரை என்றால் வேறென்ன நினைப்போம்? கால்வாயில் நுரைத்துக்கொண்டு வரும் கம்பெனித் தண்ணீர் தொட்டிவரை வந்துவிட்டது என்று பயந்துபோனேன். நீங்கள் குளிக்கிற தண்ணீர் ஆயிற்றே. தகரத்துண்டால் சுரண்டி மண்ணில் போட்டேன்.

துவைக்க வந்த உங்கள் அம்மா குனிந்து பார்த்தாள். ஆரம்பாக்கத்தில் நெல் வயலோரம் வளர்ந்தவள் அவள்.

“இன்னாயா பண்ணிக்கீற? இது தவள முட்ட. கம்பெனிக்குப் போயிப் போயி, பால் பொங்குனாகூட உனக்குக் கம்பெனி நுரையாத்தான் தெரியும்.”

நுரைக்குள் ஜவ்வரிசிபோல் முட்டைகள் இருந்தன. தவளை பின்கால்களால் அடித்து அடித்துக் கட்டிய நுரைவீடு அது என்றாள். குஞ்சுகள் பொரிந்து நேரே தண்ணீரில் விழுமாம். கீழே தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்து போகுமாம்.

சின்னவளே, நீ என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, “நைனா, அதுங்க செத்துடுச்சா?” என்று கேட்டாய்.

வாழையிலைத் துண்டில் நுரையை அள்ளி, தொட்டியின் குறுக்கே குச்சி வைத்து, இலை நுனி தண்ணீரைப் பார்க்கும்படி சாய்த்துக் கட்டினோம். அதன்பிறகு அந்தத் தண்ணீரை யாரும் தொடவில்லை. அம்மா தெருக்குழாயில் துவைத்துக்கொண்டாள். நுரை மேலே பழுப்பேறிக் காய்ந்தது. மிஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கும்போதும் எனக்கு அந்த இலைதான் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலை தூறல். நுரை இளகி, சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஒவ்வொரு சொட்டிலும் ஒரு வால் துடித்தது. நாம் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். “அதோ பாரு நைனா, நீஞ்சிக்கினு போவுது,” என்றான் பெரியவன்.

எல்லாம் பிழைக்கவில்லை, கண்ணுங்களா. மண் பட்ட பக்கத்து முட்டைகள் இலையிலேயே கருத்துக் கிடந்தன. உங்களிடம் அதைச் சொல்லவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் இலையை அவிழ்த்தேன். முருங்கை மரத்தடியில் சின்னதாகக் குழி பறித்து, அதை உள்ளே வைத்து, ஈரமண்ணைக் கையால் தள்ளி மூடினேன்.